எந்திரத்தின் எல்லையும் மனத்தின் எல்லையும்

எந்திரம் சிந்திக்குமா என்னும் வினா முன்பு தத்துவ அறிஞர் அவைகளில் மட்டுமே எழுந்தது. இன்று அது பள்ளிகளின் ஆசிரியர் அறைக்கும் வந்துவிட்டது. மாணவன் ஒருவன் கட்டுரை எழுதிக் கொணர்கின்றான். அதில் சந்திப் பிழை இல்லை, சொற்பிழை இல்லை, கருத்துக்களும் வரிசைப்பட நிற்கின்றன. ஆயினும் அதனை எழுதியவன் அவன்தானா, அவன் வீட்டுக் கணிப்பொறியா என்பது ஆசிரியருக்கு விளங்கவில்லை. இந்த நிலையில், "எந்திரம் எவ்வளவு வளர்ந்தாலும் மனித மனத்தை எட்டாது. கணித அறிஞர் கியோடல் 1931ஆம் ஆண்டிலேயே இதனை ஐயந்திரிபற நிறுவிவிட்டார்" என்று ஒருவர் சொன்னால் நம் நெஞ்சு குளிர்கின்றது. அவ்வாறு சொல்லும் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் பல உண்டு.

கியோடல் நிறுவியது இதுதானா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முன்னரே சொல்லிவிடுதல் முறை. கியோடலின் தேற்றம் உண்மை. அதன்மேல் பிறர் எழுப்பிய இந்த வழக்கு நிலைபெறாது. இங்ஙனம் கூறுவதால் மனத்தை எந்திரத்திற்கு நிகராக்குகின்றோம் என்று எவரும் கருத வேண்டா. ஊன்றுகோல் உளுத்துவிட்டது என்று எச்சரிப்பவன், உன்னால் நடக்க இயலாது என்று சொல்பவன் அல்லன்.

ஹில்பர்ட் கண்ட கனவு

வழக்கின் வேர் கணிதத்தில் இருக்கின்றது. செருமானிய அறிஞர் கோட்லோப் பிரேகே, எண்கணிதம் முழுவதையும் அளவை நூலின் சில அடிப்படை விதிகளிலிருந்தே வருவித்துக் காட்ட முனைந்தார். அவரது பெருநூலின் முதற்பகுதி 1893இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி அச்சில் இருந்தபோது, 1902 சூன் திங்களில், இங்கிலாந்திலிருந்து பெட்ரண்டு ரசல் எழுதிய மடல் ஒன்று அவருக்கு வந்தது. பிரேகேயின் விதிகளுள் ஒன்று முரண்பாட்டை ஈன்றுவிடுகின்றது என்பதை அம்மடல் காட்டிற்று. தன்னையே தன் உறுப்பாகக் கொள்ளாத தொகுதிகள் அனைத்தையும் திரட்டி ஒரு தொகுதி ஆக்குவோம். அப்புதிய தொகுதி தன் உறுப்பா, அன்றா? உறுப்பு என்றால் உறுப்பு அன்று என்று முடிகின்றது. உறுப்பு அன்று என்றால் உறுப்பு என்று முடிகின்றது. பல்லாண்டு உழைப்பில் எழுந்த மாளிகையின் அடித்தளமே ஆட்டங்கண்டது. இந்த நிகழ்ச்சியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க; மீண்டும் இதனிடம் வருவோம்.

இத்தகைய இடர் இனியும் நேரக் கூடாது என்று கருதியவர் டேவிட் ஹில்பர்ட். கணிதம் முழுவதையும் திட்டமான குறிகளாலும் விதிகளாலும் அமைத்துவிட வேண்டும். அவ்விதிகளிலிருந்து முரண்பாடு ஒருபோதும் பிறவாது என்பதை எவரும் ஐயுற முடியாத எளிய நெறிகளால் நிறுவ வேண்டும் என்பது அவர் திட்டம். 1930 செப்டம்பர் 8ஆம் நாள், கோனிக்ஸ்பர்க் நகரில் அவர் பேருரை ஆற்றினார். அந்நகர் இன்று உருசியாவைச் சேர்ந்த கலினின்கிராட். கணிதத்தில் விடை காண முடியாத வினா என்று ஒன்று இல்லை என்று அவர் அங்கே உறுதியோடு முழங்கினார். அதற்கு முந்திய நாள், அதே நகரில் கூடிய மற்றோர் அறிஞர் குழுவில், 24 வயது இளைஞர் ஒருவர் தாம் கண்ட முடிவு ஒன்றை அமைதியாகச் சொல்லியிருந்தார். ஹில்பர்ட்டின் கனவு அச்சொற்களிலேயே கலைந்துவிட்டது. அவ்விளைஞரே குர்த் கியோடல்.

குன்றக் கூறலும் மாறுகொளக் கூறலும்

கியோடல் கண்டதனைத் தமிழாசிரியர்க்கு விளக்க நம் இலக்கணத்திலேயே இரண்டு நல்ல சொற்கள் உள்ளன. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை நன்னூற் பாயிரம் எண்ணுகின்றது. அவற்றுள் ஒன்று குன்றக் கூறல். சொல்ல வேண்டியதில் குறைபடச் சொல்லுதல். மற்றொன்று மாறுகொளக் கூறல். முன்னர்ச் சொன்னதற்கு முரணாகப் பின்னர்ச் சொல்லுதல். இவ்விரு சொற்களைக் கொண்டு கியோடலின் முதல் தேற்றத்தை இவ்வாறு சொல்லலாம்: எண்களின் கூட்டலையும் பெருக்கலையும் பற்றிப் பேசும் ஆற்றல் உடையதாய், ஒரு நிறுவல் முறையானதா அன்றா என்பதை விதியைப் பார்த்தே சோதிக்கத் தக்கதாய் அமைந்த எந்த விதித்தொகுதியும், மாறுகொளக் கூறாததாயின் குன்றக் கூறியே தீரும்.

இதனால் பவணந்தி முனிவர் கியோடலுக்கு முன்பே இதனைக் கண்டுவிட்டார் என்று யாரும் பெருமை பேசிவிடலாகாது. நன்னூல் சொல்லும் குறை ஆசிரியன் முயன்றால் நீங்குவது. கியோடல் கண்ட குறை எந்த ஆசிரியன் முயன்றாலும் நீங்காதது. சொற்கள் நமக்கு உதவுகின்றன, அவ்வளவே.

அவர் இதனை நிறுவிய முறை வியப்பிற்குரியது. விதித்தொகுதியின் ஒவ்வொரு குறிக்கும், ஒவ்வொரு வாக்கியத்திற்கும், ஒவ்வொரு நிறுவலுக்கும் தனித்தனி எண் ஒன்றை அவர் வழங்கினார். ஆகவே, எண்களைப் பற்றிப் பேசும் வாக்கியங்கள் தம்மைப் பற்றியே மறைமுகமாகப் பேசும் வாய்ப்பைப் பெற்றன. பின்னர், "இத்தொகுதியின் விதிகளால் என்னை நிறுவ இயலாது" என்னும் பொருள்படும் வாக்கியம் ஒன்றை எண்கணித மொழியிலேயே அமைத்துக் காட்டினார். அதனைத் தொகுதி நிறுவிவிட்டால் தொகுதி முரண்பாட்டில் வீழும். எனவே, முரண்படாத தொகுதி அதனை நிறுவாது. நிறுவாது என்பதே அவ்வாக்கியம் சொல்வது; ஆதலின் அது சொல்வது உண்மை. உண்மையாய் இருந்தும் நிறுவப்படாமல் அது வெளியே நிற்கின்றது. அவ்வாக்கியத்தையும் ஒரு விதியாகச் சேர்த்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். சேர்த்த உடனே, புதிய தொகுதிக்கு உரிய புதிய வாக்கியம் ஒன்று வெளியே நிற்கும்.

இரண்டாம் தேற்றம் இதனினும் நுண்ணியது. அத்தகைய தொகுதி முரணற்றதாயின், "நான் முரணற்றேன்" என்பதைத் தன் விதிகளாலேயே அது நிறுவிக்கொள்ள முடியாது. நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை இத்தேற்றமே.

டூரிங் வகுத்த எந்திரம்

கியோடல் பேசியது விதித்தொகுதியைப் பற்றி. எந்திரம் இதற்குள் எவ்வாறு நுழைந்தது? இங்கிலாந்தின் ஆலன் டூரிங் 1936இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையே வாயில் திறந்தது. கட்டங்கள் வகுத்த நீண்ட நாடா, ஒரு கட்டத்தைப் படித்துக் குறி எழுதியும் அழித்தும் நகரும் தலைப்பகுதி, அடுத்துச் செய்வது யாது என்று சொல்லும் சிறு விதிப்பட்டியல் ஆகிய இவ்வளவே கொண்ட ஓர் எந்திரத்தை அவர் மனத்தால் படைத்தார். விதிப்படி கணக்கிடுதல் என்று நாம் சொல்லுவதெல்லாம் இவ்வெந்திரம் செய்யக்கூடியதே என்றும் காட்டினார். இன்று நம் கைப்பையில் இருக்கும் கணிப்பொறியும் அளவை முறையில் இதனினும் மேம்பட்டது அன்று, விரைவில்தான் மேம்பட்டது.

இவ்வெந்திரங்களுக்கும் எல்லை உண்டு என்பதை டூரிங்கே நிறுவினார். எந்த எந்திரத்தைக் காட்டினாலும் அது கணக்கை முடித்து நிற்குமா, முடிவின்றி ஓடுமா என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் நடுவர் எந்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அந்நடுவரை உள்ளே வைத்து, அது "நிற்கும்" என்றால் ஓடவும், "ஓடும்" என்றால் நிற்கவும் விதித்த எதிர்வழக்கு எந்திரம் ஒன்றை அமைப்போம். அவ்வெதிர்வழக்கு எந்திரத்தைப் பற்றி அதனிடமே தீர்ப்புக் கேட்டால், நடுவர் எது சொன்னாலும் தவறாகும். ஆகவே அத்தகைய நடுவர் எந்திரம் இருத்தல் இயலாது. இதுவே கியோடல் தேற்றத்தின் உடன்பிறப்பு.

எந்திரத்திற்கு அளவை எல்லை உண்டு என்பதில் இதுவரை ஐயமில்லை. அந்த எல்லைக்கு அப்பால் மனிதன் நிற்கின்றானா என்பதே வினா.

லூகாஸின் வழக்கு

நிற்கின்றான் என்று வாதிட்டவருள் முதன்மையானவர் ஆக்ஸ்போர்டுத் தத்துவப் பேராசிரியர் ஜே. ஆர். லூகாஸ். 1961இல் வெளிவந்த அவரது கட்டுரை இன்றளவும் மேற்கோளாகக் காட்டப்படுகின்றது. மறுக்கப் புகுமுன் அவர் வழக்கை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைத்தல் நம் கடமை.

மனம் ஓர் எந்திரமே என்று ஒருவர் சொல்வதாகக் கொள்க. எந்திரம் என்றால் விதித்தொகுதி. அவர் எந்த எந்திரத்தைக் காட்டினாலும், அதற்கு உரிய கியோடல் வாக்கியம் ஒன்று உண்டு. அவ்வாக்கியம் உண்மை என்பதை அவ்வெந்திரம் நிறுவ மாட்டாது. நாமோ வெளியே நின்று, அது உண்மை என்று காண்கின்றோம். எந்திரத்தால் இயலாத ஒன்று நமக்கு இயன்றுவிட்டது; ஆதலின் நாம் அந்த எந்திரம் அல்லோம். அவர் வேறோர் எந்திரத்தைக் கொணர்ந்தால், அதற்கும் இதே விடை. எனவே மனம் எந்த எந்திரமும் அன்று. இதுவே வழக்கு.

அழகிய வழக்குத்தான். மனிதன் எந்திரத்தைவிட விரைந்து கணக்கிடுவான் என்று லூகாஸ் வீண்பெருமை பேசவில்லை. எந்திரம் ஆயிரம் மடங்கு வளரட்டும். எப்போதும் ஓர் உண்மை அதன் கைக்கு எட்டாமலே நிற்கும், அது நம் கைக்கு எட்டும் என்கின்றார். எதிர்காலம் எதைக் கொணர்ந்தாலும் அசையாத வெற்றி என்று தோன்றுகின்றது. மனத்தின் மேன்மையை விரும்பும் எவருக்கும் இது இனிக்கும்.

வழக்கில் உள்ள ஓட்டை

இனி வழக்கைத் தட்டிப் பார்ப்போம். கியோடல் வாக்கியம் உண்மை என்று நாம் காண்கின்றோம் என்றார் லூகாஸ். உண்மையில் நாம் காண்பது யாது? "இத்தொகுதி முரணற்றதாயின், இவ்வாக்கியம் உண்மை" என்பதே. "ஆயின்" என்னும் சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் மட்டுமே வெற்றி நமதாகும். அச்சொல்லைச் சேர்த்துப் படித்தால், அந்த எந்திரத்தாலும் அதே வாக்கியத்தைச் சொல்ல முடியும். முரணற்றதாயின் உண்மை என்னும் நிபந்தனை வாக்கியத்தை அத்தொகுதியே தன் விதிகளால் நிறுவிக்கொள்ளும். எந்திரத்தால் இயலாதது, தான் முரணற்றது என்பதை நிறுவுதல் ஒன்றே. அது நமக்கு இயலுமா? எந்திரமென்று காட்டப்படும் தொகுதி நம் மனத்தையே முழுமையாகப் படியெடுத்த தொகுதி என்றால், அது முரணற்றது என்று நமக்கு யார் சொன்னார்? இவ்வாதத்தை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஹிலரி பட்னம் 1960இலேயே எடுத்துரைத்தார். லூகாஸின் கட்டுரை அச்சேறுமுன்பே அதற்குரிய மறுப்பும் அச்சேறிவிட்டது எனலாம்.

எண்கணிதம் முரணற்றது என்பது நமக்குத் தெரியாதா என்று கேட்பார் உளர். 1936இல் கெண்ட்சன் என்னும் செருமானியர் அதனை நிறுவினார் என்பது மெய்யே. ஆயினும், அந்த எண்கணிதத்திற்குள் அடங்காத வலிய நெறி ஒன்றைத் துணைக்கொண்டே நிறுவினார். அந்நெறியை உட்கொண்ட பெரிய தொகுதி முரணற்றதா என்று கேட்டால் அதனினும் பெரியதொன்று வேண்டும். ஏணியின் ஒவ்வொரு படியும் மேற்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றது. இதில் மனிதன் மட்டும் ஏணியின் உச்சியில் அமர்ந்திருக்கின்றான் என்பதற்குச் சான்று எங்கே?

இங்கேதான் பிரேகேயிடம் மீள்கின்றோம். அவர் கவனக்குறைவு உடையவர் அல்லர். அளவை நூலுக்குப் புதுவாழ்வு தந்த பேரறிஞர். தம் விதிகள் முரணற்றவை என்று நம்பியே அவற்றை வகுத்தார். ஒன்பதாண்டு கழித்து ஒரு மடல் வந்து அந்நம்பிக்கையைத் தகர்த்தது. முரணின்மையை மனம் நேரே கண்டுகொள்ளும் என்றால், அவர் மனம் ஏன் கண்டுகொள்ளவில்லை? நம் மனத்தில் முரண் இல்லை என்று நமக்குத் தோன்றுதல் வேறு. முரண் இல்லாமை வேறு.

இத்தடையை லூகாஸ் அறியாதவர் அல்லர். மனிதர் முரண்படுவது உண்டு என்பதை அவர் ஒப்புகின்றார். ஆயினும் அவ்வகை முரண், நல்ல எந்திரம் எப்போதோ பழுதாவது போன்றது. அது மனத்தின் விதியிலேயே உள்ள முரண் அன்று என்கின்றார். முரணைக் கண்டால் நாம் திருத்திக்கொள்கின்றோம் அல்லவா என்பது அவர் சான்று. நல்ல விடைதான்; ஆனால் வழக்கைக் காக்கப் போதாது. கண்ட முரணைத் திருத்துகின்றோம். காணாத முரண் இல்லை என்பதற்கு அது சான்றாகுமா? மேலும், முரணைக் கண்டால் பின்வாங்கித் திருத்துமாறு ஓர் எந்திரத்தையும் அமைக்கலாமே. அப்போது வேற்றுமை எங்கே போயிற்று?

இன்னொரு சோதனையும் உண்டு. 1962இல் ஒய்ட்லி என்பார் லூகாஸுக்கு மறுப்பு எழுதியபோது எடுத்துக்காட்டிய முறை அது. அம்முறையை நம்மேலேயே ஏவிப் பார்ப்போம். பின்வரும் தொடரைப் படியுங்கள்: "இக்கட்டுரையை எழுதியவர் இத்தொடரை முரண்படாமல் உண்மையென ஒப்ப இயலாது." நான் இதனை ஒப்பினால் அப்போதே முரண்பட்டவன் ஆகின்றேன். எனவே முரண்படாதவனாய் இருக்கும் வரை நான் இதனை ஒப்ப இயலாது. வாசகராகிய நீங்களோ வெளியே நின்று, இது உண்மை என்று எளிதாகக் காண்கின்றீர்கள். இதனால் நீங்கள் என்னினும் உயர்ந்த அறிவினர் என்றும், நான் எந்திரம் என்றும் முடிவு செய்யலாமா? உங்கள் பெயரை அத்தொடரில் இட்டால் நிலைமை மாறிவிடும். எந்திரத்தின் கியோடல் வாக்கியம் எந்திரத்திற்கு எட்டாமையும் இத்தகையதே. யாரைப் பற்றிய வாக்கியமோ அவருக்கு அது எட்டாது. எந்திரம் என்பதனால் எட்டாமை விளையவில்லை.

மனிதன் எல்லை

எந்திரத்தை நிறுத்தும் சுவரின் முன்னே நாமும் நிற்கின்றோம் என்பதற்கு எடுத்துக்காட்டு ஒன்று. இரண்டிற்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை என்று 1742இல் கோல்ட்பாக் என்பார் ஆய்லருக்கு எழுதிய மடலிலிருந்து வந்த கருத்து ஒன்று வழங்குகின்றது. 10 என்பது 3உம் 7உம். 28 என்பது 5உம் 23உம். இவ்வாறு அமையாத இரட்டை எண் ஒன்றைத் தேடி, கண்டால் நிற்க வேண்டும் என்று ஓர் எந்திரத்திற்கு விதிப்போம். விதி நான்கு வரிகளில் அடங்கும். அந்த எந்திரம் நிற்குமா? இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மனிதர் எவரும் இதனை நிறுவவில்லை. நிற்குமா நிற்காதா என்று எல்லா எந்திரங்களுக்கும் விடை சொல்லும் ஆற்றல் எந்திரத்திற்கு இல்லை என்பது தேற்றம். அவ்வாற்றல் மனிதனுக்கு உண்டு என்பதற்கோ ஒரு சான்றும் இல்லை.

கியோடலே இதில் எவ்வளவு அடக்கத்தோடு பேசினார் என்பது கருதத்தக்கது. 1951இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஆற்றிய விரிவுரையில், தம் தேற்றத்திலிருந்து விளைவது இரண்டில் ஒன்று என்றார். ஒன்று, மனித மனத்தின் ஆற்றல் எந்த எந்திரத்திலும் அடங்காதது. அன்றேல், மனித மனத்தால் என்றுமே தீர்க்க இயலாத எண்கணித வினாக்கள் உண்டு. இரண்டும் ஒருங்கே உண்மையாதலும் கூடும். அவர் உள்ளம் முதற்கூற்றையே நாடிற்று. ஆயினும் தம் விருப்பத்தைத் தேற்றமென்று அவர் கூறவில்லை. தேற்றத்தைக் கண்டவரே இவ்வளவு நிதானம் காட்டியிருக்க, அவர் பெயரைச் சொல்லி நாம் வெற்றிமுரசு கொட்டுதல் தகுமா?

தவறாத எந்திரம் என்னும் மயக்கம்

லூகாஸின் வழக்கைப் பிற்காலத்தில் புதுப்பித்தவர் ரோஜர் பென்ரோஸ். கருந்துளை ஆராய்ச்சிக்காக 2020இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியல் அறிஞர் அவர். 1989இலும் 1994இலும் வெளிவந்த இரு நூல்களில் இவ்வழக்கை நுணுக்கமாக விரித்துரைத்தார். மனிதனின் கணித உணர்வு கணக்கீட்டில் அடங்காது. இன்னும் கண்டறியப்படாத இயற்பியல் விதி ஒன்று மூளையில் தொழிற்படக்கூடும் என்பது அவர் கருத்து. அது இயற்பியல் ஆராய்ச்சிக்குரிய ஊகம். அதன் மெய்பொய்யை இயற்பியலார் காண்பர். ஆனால் கியோடல் தேற்றம் அதனை வற்புறுத்துகின்றது என்னும் பகுதி, முன்னர்க் கண்ட "ஆயின்" என்னும் சொல்லிலேயே தடுக்கி விழுகின்றது. கணித அறிஞர்களின் நெறி தவறாதது என்று நாம் அறிந்தாலன்றி அவ்வாதம் ஓர் அடியும் நகராது.

இவ்வாதங்கள் அனைத்திற்கும் அடியில் ஒரு மயக்கம் கிடக்கின்றது. எந்திரம் என்றால் தவறே செய்யாதது என்று முன்கூட்டியே கொண்டுவிடுகின்றோம். இதனை முதலில் கண்டவர் டூரிங். ஓர் எந்திரம் ஒருகாலும் தவறக் கூடாது என்று விதித்துவிட்டு, அதுவே அறிவுடையதாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தல் ஆகாது என்று 1947இல் இலண்டன் கணிதக் கழகத்தில் அவர் எடுத்துரைத்தார். கியோடல் தேற்றம் முரணற்ற தொகுதியைப் பற்றியது. தவறவும் திருந்தவும் கூடிய எந்திரத்தின் பேச்சை அது கட்டுப்படுத்தாது.

இன்று நாம் காணும் செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் டூரிங் சொன்னதற்கு நல்ல சான்று. அவை அடிப்படை விதிகளிலிருந்து தேற்றங்களை வருவிப்பன அல்ல. மனிதர் எழுதிவைத்த பெருந்தொகையான எழுத்துக்களிலிருந்து பயின்று, ஒரு தொடரில் அடுத்து எச்சொற்கூறு வரத்தக்கது என்பதைக் கணித்துச் சொல்வன. உள்ளே நடக்கும் கூட்டலும் பெருக்கலும் விதி தவறா. வெளியே வரும் பேச்சோ தவறும். எழுதப்படாத நூலை எழுதப்பட்டதாகவும் சொல்லும். காலையில் சொன்னதை மாலையில் மறுக்கும். உள்ளே விதி தவறாமையால் வெளியே உண்மை தவறாது என்று கொள்ளுதல், எழுத்துக் கோத்தவர் பிழையின்றிக் கோத்தார் என்பதனால் நூலில் உள்ளதெல்லாம் மெய் என்று கொள்வது போன்றது. இவ்வெந்திரங்களின் குறைகள் பல, கடுமையானவையும் உள. ஆனால் அவை கியோடல் சுட்டிய குறைகள் அல்ல.

மற்றொரு செய்தியும் நினைக்கத்தக்கது. 1986இல் நடராசன் சங்கர் என்னும் ஆராய்ச்சியாளர், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், கியோடலின் முதல் தேற்றத்திற்குரிய நிறுவலையே கணிப்பொறி கொண்டு படிப்படியாகச் சரிபார்த்தார். எந்திரத்தின் எல்லையைக் கூறும் தேற்றத்தின் நிறுவலைச் சரிபார்க்க எந்திரமே துணை நின்றது. மனத்திற்கு மட்டுமே உரிய கமுக்கம் அத்தேற்றத்தில் இருக்கின்றது என்பார் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்க்கு எஞ்சுவது

இவ்வளவும் கூறியபின், மனிதனுக்கென ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். அவ்வாறு கூறுவது நம் கருத்தன்று. லூகாஸின் வழக்கு வீழ்ந்ததனால் மனம் எந்திரம் என்று நிறுவப்பட்டுவிடவில்லை. ஒரு சான்று பொய்த்தால் வழக்கே பொய்த்தது என்பது அளவை நெறி அன்று. அவ்வினா இன்னும் திறந்தே இருக்கின்றது. நாம் வேண்டுவது ஒன்றே: திறந்திருக்கும் வினாவை மூடிவிட்டதாக மாணவரிடம் சொல்ல வேண்டா. இன்று நாம் தரும் பொய்ச்சான்றின்மேல் அவன் தன் மதிப்பைக் கட்டிக்கொண்டால், நாளை அச்சான்று உடையும்போது அம்மதிப்பும் உடைந்துவிடும். நம் சொல்லின்மேல் அவன் வைத்த நம்பிக்கையும் அதனோடு போகும்.

அப்படியானால் அவனுக்கு எதைக் காட்டுவது? பிரேகேயைக் காட்டலாம். ரசலின் மடல் கிடைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. நூல் அச்சில் இருந்தது. அவர் மடலை மறைக்கவில்லை, ரசலைப் பழிக்கவுமில்லை. சில நாட்களுக்குள் விடை எழுதித் தவற்றை ஒப்புக்கொண்டார். 1903இல் வெளிவந்த இரண்டாம் பகுதியின் இறுதியில், தம் அடித்தளம் ஆடிவிட்டது என்பதைத் தாமே ஒரு பின்னுரையாக எழுதிச் சேர்த்தார். அறிவுத் துறையில் இதற்கு நிகரான நேர்மையைத் தாம் அறிந்ததில்லை என்னும் கருத்துப்பட ரசல் முதுமையில் வியந்து எழுதினார்.

பிரேகேயின் மனம் முரணற்றதாய் இருக்கவில்லை. முரண் வெளிப்பட்டபோது அவர் நடந்துகொண்ட முறையே அவர் பெருமை. வள்ளுவர் நாணுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தகாதது நேர்ந்தபோது உள்ளம் சுருங்கும் அந்நாண், சொன்ன சொல்லுக்குத் தானே பொறுப்பேற்பவனிடம் மட்டும் பிறக்கும். இன்றைய எந்திரமும் தவற்றைச் சுட்டினால் பொறுத்தருள்க என்று சொல்லும். சொல்வதனால் அது இழப்பது ஒன்றுமில்லை. பிரேகே இழந்தது தம் வாழ்நாள் உழைப்பு. இது தேற்றம் அன்று என்பதை ஒப்புகின்றோம். இது நாம் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கம்.

ஆகவே, ஐயத்திற்குரிய கட்டுரையோடு மாணவன் வந்து நிற்கும்போது, எந்திரத்தால் முடியாதது உன்னால் முடியும் என்று கியோடலின் பெயரால் அவனுக்கு ஆறுதல் கூற வேண்டா. கட்டுரையில் ஒரு தொடரைச் சுட்டி, "தம்பி, இதனை ஏன் இப்படிச் சொன்னாய்? இது தவறென்று ஒருவர் காட்டினால் நீ என்ன செய்வாய்?" என்று கேட்போம். அவன் தடுமாறட்டும், தன் சொல்லைத் திரும்பப் பார்க்கட்டும், வேண்டுமானால் மாற்றி எழுதட்டும். அக்கட்டுரையை முதலில் எழுதியது யாராயினும், அதன்பின் எழுதுபவன் அவனே.